ஆட்டோமேட்டிக் காரில் ‘மேனுவல் மோட்’: கியர் உண்மையில் யார் கையில்? சுவிட்ச் வைத்து நாமே இயக்கினால் என்ன ஆகும்?

காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் வல்லம் வடகால் சிப்காட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ், கன்டெய்னர் லாரி, பைக் என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகும் சாலையில் ஒரகடம் சந்திப்பைத் தாண்டுவதற்குள், கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது கால் ஓய்ந்துவிடும். ‘அடுத்த கார் ஆட்டோமேட்டிக்தான்’ என்று பலர் முடிவெடுப்பது இப்படிப்பட்ட நெரிசலில்தான்.

ஆனால் ஆட்டோமேட்டிக் வாங்கிய பிறகு இன்னொரு ஆசை எட்டிப் பார்க்கும். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டும், மலைப்பாதையில் இறங்க வேண்டும் என்றால், ‘கியரை நாமே போட்டா நல்லா இருக்குமே’ என்று தோன்றும். அதற்காகத்தான் பல கார்களின் லிவரில் ‘எம்’ என்ற நிலையும், பிளஸ், மைனஸ் குறிகளும் இருக்கின்றன.

இங்கேதான் ஒரு குழப்பம். மைனஸ் பக்கம் தட்டினால் சில நேரம் கியர் குறைகிறது. சில நேரம் ஒரு ‘பீப்’ சத்தத்தோடு கார் மறுத்துவிடுகிறது. ‘மேனுவல்’ என்று சொல்லிவிட்டு கார் ஏன் மறுக்கிறது?

இதே கேள்வியை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய காரில் வேறு இன்ஜின், வேறு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்தி, ‘கம்ப்யூட்டரே வேண்டாம், சுவிட்ச் வைத்து நாமே கியர் மாத்திக்கலாம்’ என்று இறங்கும் கஸ்டம் கார் பிரியர்கள். அவர்களின் கணக்கு எங்கே தவறுகிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே வட்டாரத்தில் நாலு வகை ஆட்டோமேட்டிக்

இதைப் புரிந்துகொள்ள வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தியாவில் விற்ற ஆட்டோமேட்டிக் கியர் வகைகள் எல்லாமே ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த கார்களில் இருக்கின்றன.

முதல் வகை ஏ.எம்.டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் நம் கைகாலுக்குப் பதிலாக ஆக்சுவேட்டர் என்ற இயக்கி செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான இந்த முறை, 2016-ல் ஒரகடத்தில் தயாரான ரெனால்ட் க்விட் காருக்கும் வந்தது. அந்த க்விட்டில் லிவர் கிடையாது. ஆர், என், டி என மூன்றே நிலைகள் கொண்ட ஒரு வட்டக் குமிழ்தான். மேனுவல் மோடே இல்லை. 2023-ல் அதே ஒரகடம் ஆலையில் இருந்து வந்த நிசான் மேக்னைட் ஏ.எம்.டி காரில் மேனுவல் மோட் உண்டு.

இரண்டாவது, டார்க் கன்வர்ட்டர் வகை. இதில் கிளட்ச் தட்டுக்குப் பதிலாக, இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கடத்தும் ஒரு அமைப்பு இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் கிரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக் இதற்கு உதாரணம்.

மூன்றாவது, டி.சி.டி எனப்படும் இரட்டை கிளட்ச் வகை. ஒரு கிளட்ச் மூன்றாவது கியரைப் பிடித்திருக்கும்போதே, நாலாவது கியர் இன்னொரு கிளட்ச்சில் தயாராகக் காத்திருக்கும். 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் காரில் இந்த கியர்பாக்ஸும், ஸ்டீயரிங் பின்னால் பேடல் சுவிட்சுகளும் உண்டு.

நான்காவது, சி.வி.டி. இதில் தனித்தனி கியர்களே கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லிகளும் அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டும்தான். சில சி.வி.டி கார்களில் பிளஸ், மைனஸ் இருக்கும். அது புல்லியைச் சில குறிப்பிட்ட இடங்களில் நிறுத்தி, கியர் மாறுவது போல நமக்கு உணர்த்துவது மட்டுமே.

ஆக, ‘மேனுவல் மோட்’ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே நடக்கும் வேலை காருக்குக் கார் வேறு.

‘எலெக்ட்ரானிக்’ என்றால் என்ன?

ஆட்டோமேட்டிக் கியர் புதிய விஷயம் இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தனது ‘ஹைட்ரா-மேட்டிக்’ கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது 1939-ல். அப்போது கம்ப்யூட்டர் ஏது? காரின் வேகமும், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதும் எண்ணெய் அழுத்தமாக மாறும். அந்த இரண்டு அழுத்தங்களும் ஒன்றோடு ஒன்று மோதி, எது ஜெயிக்கிறதோ அதன்படி வால்வு நகர்ந்து கியர் மாறும்.

இப்போது அந்த முடிவை எடுப்பது டி.சி.யு. அதாவது, கியர்பாக்ஸுக்கென்றே இருக்கும் கம்ப்யூட்டர். காரின் வேகம், இன்ஜின் சுழற்சி, ஆக்சிலரேட்டரின் நிலை, எண்ணெயின் சூடு, பிரேக் மிதித்திருக்கிறோமா என்பது எல்லாம் சென்சார்கள் வழியாக அதற்குப் போய்க்கொண்டே இருக்கும்.

டார்க் கன்வர்ட்டர் வகையில் டி.சி.யு.வின் கைகள் என்று சோலினாய்டுகளைச் சொல்லலாம். மின்சாரம் பாய்ந்தால் திறக்கும் அல்லது மூடும் சின்ன வால்வுகள் இவை. வீட்டு வாஷிங் மெஷினுக்குள் தண்ணீரை விடுவதும் நிறுத்துவதும் இதே இனத்து வால்வுதான். கியர்பாக்ஸில் தண்ணீருக்குப் பதில் அழுத்தமேறிய எண்ணெய். அந்த எண்ணெய் போய் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு கியரில் இருந்து இன்னொரு கியருக்குப் போவது என்றால், பிடித்திருக்கும் கிளட்ச் விட வேண்டும், அடுத்த கிளட்ச் பிடிக்க வேண்டும். முன்னது சீக்கிரம் விட்டுவிட்டால் இன்ஜின் அலறும். பின்னது சீக்கிரம் பிடித்துவிட்டால் கார் குலுங்கும். கண் இமைக்கும் நேரத்துக்குள் நடக்கும் இந்தக் கைமாற்றத்தைச் சரியாகச் செய்வதுதான் டி.சி.யு.வின் உண்மையான திறமை. எந்த கியர் என்று தேர்ந்தெடுப்பது அதன் வேலையில் ஒரு பகுதிதான்.

மேனுவல் மோட்: உத்தரவா, கோரிக்கையா?

கிளட்ச் பெடல் உள்ள காரில் லிவரைத் தள்ளினால், நம் கைதான் கம்பி வழியாக கியரை நகர்த்துகிறது. ஆட்டோமேட்டிக் காரில் பிளஸ், மைனஸ் தட்டும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. ‘ஓட்டுபவர் ஒரு கியர் குறைக்கச் சொல்கிறார்’ என்ற தகவல் மட்டும் டி.சி.யு.வுக்குப் போகிறது. அது கணக்குப் போட்டுப் பார்த்து, சரி என்றால் செய்யும். இல்லையென்றால் மறுக்கும்.

என்ன கணக்கு? ஒரு உதாரணம்.

ஒரு கார் ஐந்தாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8, இரண்டாவது கியரின் விகிதம் 2.0, முதல் கியரின் விகிதம் 3.6.

அதே வேகத்தில் இரண்டாவது கியர் விழுந்தால், இன்ஜின் 5,000 சுற்றுக்குப் போக வேண்டும். சத்தம் போடும், ஆனால் தாங்கும். முதல் கியர் விழுந்தால்? 9,000 சுற்று. சாதாரண பெட்ரோல் கார் இன்ஜினுக்கு 6,000 முதல் 6,500 சுற்று வரைதான் எல்லை. அதைத் தாண்டினால் உள்ளே வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் அபாயம் உண்டு. சக்கரங்கள் திடீரென இழுபட்டு கார் கட்டுப்பாட்டை இழக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

அந்த ‘பீப்’ சத்தம் பழுது இல்லை. ‘நீங்க கேட்டதைச் செஞ்சா இன்ஜின் போயிடும்’ என்று கார் சொல்லும் பதில்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மேனுவல் மோடில் மூன்றாவது கியரில் போய், அப்படியே சிக்னலில் நின்றால், நாம் எதுவும் செய்யாமலேயே கியர் முதலுக்கு இறங்கியிருக்கும். இல்லாவிட்டால் இன்ஜின் திணறும். பல கார்களில், சுற்று எல்லையைத் தொட்டதும் நாம் பிளஸ் தட்டாவிட்டாலும் அதுவே அடுத்த கியருக்கு ஏறிவிடும். சில கார்கள் ஏறாமல் அந்த எல்லையிலேயே பிடித்து வைத்திருக்கும்.

புல்லட் ஓட்டத் தெரிந்தால் இது புதிதில்லை

பிளஸ், மைனஸ் முறை நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். வல்லம் வடகாலிலேயே ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. 2017-ல் இங்கே உற்பத்தி தொடங்கியது. அங்கிருந்து வெளியே வரும் எந்த பைக்கை எடுத்துக்கொண்டாலும், நாலாவது கியரில் இருந்து நேராக இரண்டுக்குத் தாவ முடியாது. மூன்றைத் தொட்டுத்தான் இறங்க வேண்டும். இப்படி வரிசையாக மட்டுமே மாறும் முறைக்கு ‘சீக்வென்ஷியல்’ என்று பெயர்.

ஆட்டோமேட்டிக் காருக்கு இந்த முறையைப் பிரபலமாக்கியது ஜெர்மனியின் போர்ஷே. 1990 மாடல் 911 காரில் ‘டிப்ட்ரானிக்’ என்ற பெயரில் வந்தது. முன்னே தள்ளினால் ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும்.

ஆனால் பைக்குக்கும் காருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பைக்கில் நம் கால்தான் கியரை நகர்த்துகிறது. தவறான நேரத்தில் மிதித்தால் தடுக்க யாரும் இல்லை. காரில் நடுவே டி.சி.யு நிற்கிறது.

இதில் ஒரு தலைகீழ் உதாரணமும் உண்டு. 2020-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வந்த ஹூண்டாய் வெனியூ ஐ.எம்.டி. அதில் கியர் போடுவது நாம். கிளட்ச் பெடல் மட்டும் கிடையாது. லிவரில் கை வைத்து நகர்த்த ஆரம்பித்ததுமே சென்சார் அதை உணர்ந்து, கம்ப்யூட்டர் கிளட்ச்சை இயக்கும். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் நாம் கேட்கிறோம், கார் முடிவெடுக்கிறது. ஐ.எம்.டி.யில் நாம் முடிவெடுக்கிறோம், கார் ஒத்துழைக்கிறது.

கஸ்டம் கார்: இரண்டு சுவிட்சில் நாலு கியர்

சரி, இப்போது கஸ்டம் காருக்கு வருவோம்.

ஒரு பழைய அம்பாசடரோ, ஜீப்போ இருக்கிறது. அதில் வேறொரு வண்டியின் இன்ஜினையும், அதோடு வந்த எலெக்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் பொருத்துகிறார்கள். ஆனால் அந்த கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர், தன் சொந்த காரின் சென்சார்களையும் வயரிங்கையும்தான் எதிர்பார்க்கும். புதிய வண்டியில் அவை இல்லை. கம்ப்யூட்டர் வேலை செய்யாது. அப்போதுதான் ‘சோலினாய்டுக்கு நேரா கரன்ட் கொடுத்துட்டா?’ என்ற யோசனை வருகிறது.

காகிதத்தில் பார்த்தால் இது ரொம்ப எளிது. ஜெனரல் மோட்டார்ஸ் 1993 முதல் பயன்படுத்திய ‘4எல்60இ’ என்ற கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். வெளிநாடுகளில் கஸ்டம் கார் கட்டுபவர்களுக்கு நன்கு பழக்கமான கியர்பாக்ஸ் இது. கியர் மாற்றுவதற்கென இதில் இரண்டு சோலினாய்டுகள்தான். ‘ஏ’ ஒன்று, ‘பி’ ஒன்று.

• இரண்டும் ஆன்: முதல் கியர்
• ஏ ஆஃப், பி ஆன்: இரண்டாவது கியர்
• இரண்டும் ஆஃப்: மூன்றாவது கியர்
• ஏ ஆன், பி ஆஃப்: நாலாவது கியர்

இரண்டு சுவிட்ச், நாலு கியர். வீட்டு வயரிங் தெரிந்தவரே செய்துவிடலாம் என்று தோன்றும். வண்டி நகரவும் செய்யும். ஆபத்தும் அங்கேதான். ‘ஓடுதே, அப்புறம் என்ன?’ என்று விட்டுவிடத் தோன்றும்.

சுவிட்ச் மட்டும் போதாதா? எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், அழுத்தம். கியரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு சோலினாய்டுகளைத் தவிர, எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தனி சோலினாய்டு ஒன்று உண்டு. அதற்கு ஆன், ஆஃப் என்று இரண்டே நிலை கிடையாது. எவ்வளவு மின்சாரம் போகிறதோ அதற்கேற்ப அழுத்தம் மாறும். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போது குறைவான அழுத்தம் போதும். முழுதாக மிதித்தால் அதிக அழுத்தம் வேண்டும். இதை இணைக்காமல் விட்டால் எப்போதும் உச்ச அழுத்தம்தான். ஒவ்வொரு கியருக்கும் பின்னால் இருந்து யாரோ இடித்த மாதிரி குலுங்கும். தவறாக இணைத்து அழுத்தம் குறைந்துபோனால் அதைவிட மோசம். கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்காமல் வழுக்கும், உரசும், சூடாகும், கருகும். வெளியே எதுவும் தெரியாது. தெரியவரும்போது கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கல், லாக்-அப். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகும்போது, எரிபொருளை மிச்சப்படுத்த டார்க் கன்வர்ட்டரை இன்ஜினோடு பூட்டிவிடுவார்கள். பிரேக் மிதித்ததும் கம்ப்யூட்டர் அந்தப் பூட்டைத் திறக்கும். சுவிட்ச் வயரிங்கில் அதைத் திறக்க மறந்து வண்டியை நிறுத்தினால், கிளட்ச் மிதிக்காமல் பிரேக் போட்டது போல இன்ஜின் அணைந்துவிடும். பின்னால் கன்டெய்னர் லாரி வரும் சாலையில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது சிக்கல், கணக்குப் பார்க்க ஆள் இல்லை. மேலே உள்ள பட்டியலை இன்னொருமுறை பாருங்கள். நாலாவது கியரில் ஏ ஆன், பி ஆஃப். முதல் கியரில் இரண்டும் ஆன். அதாவது, பி சுவிட்சை ஒரே ஒருமுறை தட்டினால், நாலாவது கியருக்கான உத்தரவு நேராக முதல் கியருக்கான உத்தரவாகிவிடும். இருட்டில் கை தவறினால் போதும். கியர்பாக்ஸுக்குள் ஒருவழி கிளட்ச் போன்ற சில இயந்திரப் பாதுகாப்புகள் இருப்பது உண்மை. ஆனால் லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை காப்பாற்றும். அதை நம்பி ஓட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

நான்காவது சிக்கல், சூடு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் வசதியாக வேலை செய்யும். அதற்கு மேல் ஏற ஏற அதன் ஆயுள் குறையும். சூடு கூடும்போது கியர் மாறும் நேரத்தையும் லாக்-அப்பையும் கம்ப்யூட்டர் மாற்றிப் பார்க்கும். சுவிட்சுக்கு அந்த அறிவு கிடையாது.

வயர் அறுந்தால் என்ன ஆகும்?

இந்த கியர்பாக்ஸை வடிவமைத்தவர்கள் யோசித்த ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபியூஸ் போனாலோ, கம்ப்யூட்டர் செயலிழந்தாலோ என்ன ஆகும்?

இரண்டு சோலினாய்டும் ஆஃப். அதாவது மூன்றாவது கியர். அழுத்த சோலினாய்டுக்கும் மின்சாரம் இல்லை. அதாவது உச்ச அழுத்தம். கிளட்ச் வழுக்காது. லாக்-அப்பும் திறந்துவிடும். அதாவது நின்றாலும் இன்ஜின் அணையாது. ரிவர்ஸ் கியர் லிவரோடு நேரடியாக இணைந்தது, அதனால் அதுவும் வேலை செய்யும்.

வேகமாகப் போகும்போது நாலில் இருந்து மூன்றுக்கு இறங்கினால் பெரிய அதிர்ச்சி இல்லை. மெதுவாகப் போகும்போது முதலில் இருந்து மூன்றுக்கு ஏறினால் இழுவை குறையும், அவ்வளவுதான். மின்சாரமே போனாலும் வண்டி திணறித் திணறியாவது ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும். எதற்கு மின்சாரம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதையே பாதுகாப்பாக யோசித்து வைத்திருக்கிறார்கள்.

‘லிம்ப் மோட்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். உங்கள் ஆட்டோமேட்டிக் காரும் திடீரென ஒரே கியரில் மாட்டிக்கொண்டு, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அது வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் முயற்சியாக இருக்கலாம். வேகம் எடுக்காமல் ஓரம் கட்டிப் பார்ப்பதுதான் சரி.

சரியான வழி என்ன?

அப்படியென்றால் கஸ்டம் காரில் கியரை நம் கட்டுப்பாட்டில் வைக்கவே முடியாதா? முடியும். ஆனால் சுவிட்சை சோலினாய்டுக்கு இணைக்கக் கூடாது, கம்ப்யூட்டருக்கு இணைக்க வேண்டும்.

தனியாக நிரல் எழுதிக்கொள்ளக்கூடிய டி.சி.யு.க்கள் சந்தையில் இருக்கின்றன. பேடல் சுவிட்சோ, பட்டனோ அதற்குத் தகவல் அனுப்பும். டி.சி.யு அதைச் சரிபார்த்து சோலினாய்டை இயக்கும். ஃபேக்டரி காரில் இருக்கும் அதே ஏற்பாடுதான். இதைச் செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• இன்ஜின் சுற்று, காரின் வேகம், ஆக்சிலரேட்டர் நிலை ஆகிய மூன்றும் டி.சி.யு.வுக்குப் போகிறதா?
• எந்த வேகத்துக்கு மேல் எந்த கியர் விழக்கூடாது என்ற தடை எழுதப்பட்டிருக்கிறதா?
• அழுத்த சோலினாய்டு, ஆக்சிலரேட்டருக்கு ஏற்ப மாறுகிறதா?
• பிரேக் மிதித்தால் லாக்-அப் திறக்கிறதா?
• பார்க், நியூட்ரல் தவிர வேறு நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி தடை இருக்கிறதா?
• எண்ணெய் சூட்டைக் காட்டும் மீட்டரும், தனி ஆயில் கூலரும் இருக்கிறதா?
• மின்சாரம் முழுதாகப் போனால் எந்த கியரில் நிற்கும்? அதை நிறுத்தி வைத்த வண்டியில், சக்கரங்களைத் தூக்கி வைத்துச் சோதித்தாரா?

கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அந்த வண்டியைச் சாலைக்கு எடுக்காமல் இருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களில் இருந்து ஆர்.சி புத்தகத்தின் விவரங்கள் மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

2019-ல் சட்டம் திருத்தப்பட்டபோது 182ஏ பிரிவு மாற்றி எழுதப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் வாகன உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

கியர்பாக்ஸ் மாற்றம் பெரும்பாலும் இன்ஜின் மாற்றத்தோடு சேர்ந்தே வருகிறது. இன்ஜின் எண், திறன், எரிபொருள் எல்லாம் ஆர்.சி.யில் பதிவானவை. அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு அனுமதி பெற வேண்டும். முடித்துவிட்டுக் கேட்டால் தாமதம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.

‘ரேஸ் கார்ல எல்லாம் மாத்துறாங்களே?’ என்று கேட்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட, 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே ஓடும் ரேஸ் கார்கள் லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்படுபவை. பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் அவற்றைப் பரிசோதிப்பார்கள். எதிரே ஷேர் ஆட்டோவோ, சைக்கிளில் போகும் பள்ளி மாணவரோ வரமாட்டார்கள். பொதுச் சாலைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மாற்றுத்திறனாளிகளுக்கு வழி திறந்திருக்கிறது

வாகன மாற்றம் என்றாலே குற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். கால்களைப் பயன்படுத்த முடியாதவர்கள், ஒரு கையால் மட்டும் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு ஆட்டோமேட்டிக் கார்தான் சுதந்திரத்தைத் தருகிறது. கிளட்ச் பெடல் இல்லை. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும்படி மாற்றிக்கொள்ள முடியும். கியர் மாற்றச் சொல்வது வெறும் மின் தகவல்தான் என்பதால், அந்த பட்டனைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதும் சாத்தியம்.

சட்டமும் இதை ஏற்கிறது. 2019 திருத்தத்தில் ‘தகவமைக்கப்பட்ட வாகனம்’ என்ற வகை சேர்க்கப்பட்டது. மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்கென்றே வடிவமைத்த, அல்லது 52-வது பிரிவின்படி மாற்றம் செய்த வாகனம் என்று அதற்கு விளக்கமும் உண்டு. ஆர்.டி.ஓ வழியாகப் போனால் இது முழுக்கச் சட்டபூர்வமானது. மாற்றம் தேவையா என்பதோடு, யார் சரிபார்த்தார்கள் என்பதையும் சட்டம் கேட்கிறது. டி.சி.யு கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

உங்கள் காரில் மேனுவல் மோடை எப்போது பயன்படுத்தலாம்?

கஸ்டம் கார் இல்லாதவர்களுக்கும் இந்த மோட் உபயோகமானதுதான்.

மலை இறக்கம்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஏற்காடு சாலையிலோ இறங்கும்போது ‘டி’யில் வைத்து பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால், பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாவது கியரில் வைத்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் தேவைப்படும் இடத்துக்கு மட்டும் போதும்.

ஓவர்டேக்: முந்த ஆரம்பித்த பிறகு கியரைக் குறைப்பதைவிட, முன்கூட்டியே ஒரு கியர் குறைத்துத் தயாராக இருப்பது நல்லது. குறிப்பாக ஏ.எம்.டி கார்களில், கியர் மாறும் நொடியில் இழுவை விட்டுப்போகும். அந்த நொடி எதிர்த்தடத்தில் வந்தால் ஆபத்து.

சேறு, மணல்: சில கார்களில் இரண்டாவது கியரில் கிளம்ப முடியும். சக்கரம் வழுக்கிச் சுற்றுவது குறையும்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். ஏ.எம்.டி காரில் உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச்தான். அது பாதி பிடித்தபடி உரசிச் சூடாகும். பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பதுதான் சரி.

சுருக்கமாகச் சொன்னால், ஆட்டோமேட்டிக் காரில் கியரை நாம் கேட்கலாம். கொடுப்பதா வேண்டாமா என்று கணக்குப் பார்க்க ஒருவர் நடுவே இருக்கிறார். அவர் மறுக்கும்போது எரிச்சல் வரும்தான். ஆனால் அவரைக் கழற்றிவிட்டு சுவிட்ச் வைத்தால், அவர் நொடிதோறும் பார்த்துக்கொண்டிருந்த கணக்கை இனி நாம்தான் பார்க்க வேண்டும். அதுவும் இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கக் கண்களோடு, ஒரகடம் சாலையில்.